கண்டதும் கருதியதும்: சாதி வழக்குகளில் யார் நிபுணர்?



வன்கொடுமை வழக்குகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு நின்றுவிடுகிறோம். முதல் தகவல் அறிக்கை பதிவானதா? பிணை கொடுத்துவிட்டார்களா? தீர்ப்பு என்ன? இவற்றுக்கு நடுவே ஒரு நீண்ட காலம் இருக்கிறது. அது சாட்சிக் கூண்டின் காலம். வழக்கு பிழைப்பதும் சாவதும் அங்கேதான். அந்தக் கூண்டில் ஏறி நிற்பவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று சட்டம் வகுத்து வைத்திருக்கிறது. அந்த விதிகளைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன். கேட்க வறண்ட விஷயம் போலத் தோன்றும். ஆனால், 'இது சாதியால் நடந்தது' என்று நீதிமன்றத்தில் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது என்ற கேள்வி இதற்குள்தான் இருக்கிறது.

அடிப்படை விதி எளிமையானது. சாட்சி தான் கண்டதை, தன் காதால் கேட்டதைச் சொல்லலாம். தான் நினைப்பதைச் சொல்லக்கூடாது. 'அரிவாளோடு அவர் ஓடியதைப் பார்த்தேன்' என்பது சாட்சியம். 'அவர்தான் வெட்டியிருப்பார்' என்பது கருத்து. கண்டவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது நீதிபதியின் வேலை.

இந்த விதியை நாம் எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. 'அந்தத் தெருக்காரர்கள் அப்படித்தான்', 'அந்தச் சாதிக்காரன் திருடத்தான் செய்வான்' என்பவையும் கருத்துகள்தானே? அவை சாட்சியமாக ஏறிவிடாமல் தடுப்பதும் இதே விதிதான். வரலாற்றை இங்கே ஒருமுறை நினைவுபடுத்த வேண்டும். இந்திய சாட்சியச் சட்டம் வந்தது 1872 இல். அதை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அவர் சட்ட உறுப்பினராக இருந்த அதே காலனி அரசு, அதற்கு முந்தைய ஆண்டு, 1871 இல், குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு சமூகம் முழுவதும் குற்றத் தொழில் செய்கிறது என்று அரசு நம்பக் காரணம் இருந்தால் போதும், அறிவிக்கை செய்துவிடலாம். அந்த அறிவிக்கையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. ஓராண்டு இடைவெளியில் வந்த இரண்டு சட்டங்கள். ஒன்று, தனி மனிதரைப் பார்த்து 'உன் கருத்து எனக்கு வேண்டாம், கண்டதை மட்டும் சொல்' என்றது. மற்றொன்று, மொத்தச் சமூகங்களைப் பற்றிய அதிகாரிகளின் கருத்தையே சட்டமாக்கியது. அந்தச் சட்டம் 1952 இல்தான் ரத்தானது. ஆகவே, கருத்துக்கு ஆதாரம் கேட்கும் விதி நமக்கு வேண்டும். அந்த விதி யாருக்குப் பொருந்துகிறது, யார் அதற்கு வெளியே நிற்கிறார்கள் என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும்.

இப்போது விதிவிலக்குகளுக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற, நம் வாயில் நுழையாத பெயர் கொண்ட சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதுதான், பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய 45 ஆவது பிரிவு இப்போது 39. வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல் ரேகை ஆகியவற்றில் தனித் தேர்ச்சி பெற்றவரின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம். இவர்தான் நிபுணர் சாட்சி.

நிபுணர் அல்லாத சாதாரண மனிதரின் கருத்துக்கும் சட்டத்தில் சில வாசல்கள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒருவரின் கையெழுத்தோடு பழக்கப்பட்டவர், இது அவர் எழுத்துதான் என்று சொல்லலாம். இது 41 ஆவது பிரிவு. ஒரு பொது வழக்கம் அல்லது பொது உரிமை இருக்கிறதா என்பதில், அது இருந்தால் தெரிந்திருக்கக் கூடியவர்களின் கருத்து பொருத்தமானது. இது 42 ஆவது பிரிவு, பழைய 48. ஒரு குழுவினரின், குடும்பத்தின் பழக்கங்களைப் பற்றி, அதை அறிவதற்கு வாய்ப்புள்ளவர்கள் சொல்லலாம். இது 43. இரண்டு பேருக்கு இடையிலான உறவு பற்றி அவர்களை நன்கு அறிந்தவர்கள் தம் நடத்தையால் காட்டிய கருத்தும் செல்லும். இது 44. ஒரு தெருவே ஒரு இணையரைக் கணவன் மனைவியாக நடத்தி வந்திருக்கிறது என்றால், அந்த நடத்தை ஒரு சாட்சியம். விவாகரத்து வழக்குக்கும் இருதார மண வழக்குக்கும் அது மட்டும் போதாது. ஆனால் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட பிள்ளைகளுக்கு மற்ற வழக்குகளில் இது உதவக்கூடும்.

இவற்றில் பழைய 48 ஆவது பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பொது உரிமை என்றால் என்ன என்று விளக்க 1872 இல் ஓர் எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிராமத்தின் மக்கள் ஒரு குறிப்பிட்ட கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை. இந்தியாவில் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களுக்குக் கிணறுதான் முதலில் நினைவுக்கு வந்திருக்கிறது. ஆனால் 'கிராமத்தின் மக்கள்' என்பதில் சேரி அடங்குமா என்று அந்த எடுத்துக்காட்டு சொல்லவில்லை. அதை அவர்கள் சாட்சிகளிடம் விட்டுவிட்டார்கள். கிணற்றின் வழக்கத்தை அறிந்திருக்கக் கூடியவர் யார்? தண்ணீர் எடுப்பவரா, எடுக்க விடாமல் தடுக்கப்பட்டவரா?

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாவது நம் கமுதி. 1897 இல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்திலும், சென்னை உயர் நீதிமன்றத்திலும், கடைசியாக 1908 இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் நாடார்கள் தோற்றார்கள். அவர்களை உள்ளே விடாததுதான் வழக்கம் என்று சொன்னவர்களின் சொல் வென்றது.

இரண்டாவது மகாத் வழக்கு. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அது நமக்கெல்லாம் தெரியும். அதன் பிறகு பத்தாண்டுகள் நடந்த உரிமையியல் வழக்கைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். அந்த ஆண்டு டிசம்பரில் மகாத்தின் சாதி இந்துக்கள் அம்பேத்கர் மீதும் தோழர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். தீண்டத்தகாதோர் அந்தக் குளத்தைத் தொடக்கூடாது என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பது அவர்கள் வாதம். அதற்குச் சாட்சிகளையும் கொண்டு வந்தார்கள். கீழமை நீதிமன்றங்களில் தோற்று மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றமும் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை.

ஏன் ஏற்கவில்லை என்பதுதான் நமக்குப் பாடம். நீதிபதி புரூம்ஃபீல்டு சமத்துவம் பற்றிப் பேருரை ஆற்றவில்லை. அவர் சாட்சியத்தை அளந்தார். தங்கள் நினைவு எட்டிய காலத்தில் தீண்டத்தகாதோர் அங்கே தண்ணீர் எடுத்ததில்லை என்றுதான் இந்தச் சாட்சிகளால் சொல்ல முடியும். அது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று ஆகிவிடாது. குளத்தைச் சுற்றிச் சாதி இந்துக்களின் வீடுகள் வருவதற்கு முன்பு எப்படி இருந்தது? அதற்குச் சாட்சியம் எங்கே? இந்தக் கேள்விகளில் வாதிகளின் வழக்கு விழுந்தது. கமுதியில் கோயில், மகாத்தில் குளம். சட்டப்படி இரண்டும் வேறுதான், நீதிமன்றமும் அந்த வேறுபாட்டைப் பார்த்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆதிக்கச் சாதியின் 'எங்களுக்குத் தெரியும்' என்ற சொல்லைப் பார்த்து, 'எப்படித் தெரியும், எப்போதிலிருந்து தெரியும்' என்று மகாத் வழக்கில் கேட்டார்கள் என்பதே.

இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஒருவரின் கருத்து பொருத்தமானது என்றால், அந்தக் கருத்துக்கான காரணங்களும் பொருத்தமானவை என்கிறது பழைய 51, இப்போதைய 45 ஆவது பிரிவு. இரண்டு வரிப் பிரிவு. யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், இந்த அத்தியாயத்தில் நமக்கு மிகவும் தேவையான பிரிவு இதுதான்.

அடுத்து மருத்துவர்கள். வன்கொடுமை வழக்குகளில் நாம் அதிகம் சந்திக்கும் நிபுணர் அவர்தான். வெள்ளை அங்கியைப் பார்த்ததும் நம் மக்கள் அடங்கிவிடுகிறார்கள். நீதிமன்றமும் சில நேரம் அடங்கிவிடுகிறது. அறிவியல் என்ற பெயரில் எதெல்லாம் கூண்டில் ஏறியது என்று பாருங்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணை இரு விரல் சோதனைக்கு உட்படுத்தி, 'உடலுறவுக்குப் பழகியவர்' என்று மருத்துவர் எழுதுவார். அதை நிபுணர் கருத்து என்று படிப்பார்கள். 1972 இல் மகாராஷ்டிராவில் ஓர் ஆதிவாசிச் சிறுமியைக் காவல் நிலையத்துக்குள்ளேயே வன்கொடுமை செய்தார்கள். துக்காராம் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது அதுதான். உடலில் காயம் இல்லை, ஆகவே அவள் எதிர்க்கவில்லை என்ற தர்க்கம் 1978 இல் உச்ச நீதிமன்றம் வரை போய், காவலர்கள் விடுதலையானார்கள். காயம் இல்லை என்பது மருத்துவர் கண்டது. ஆகவே சம்மதம் என்பது யாருடைய அறிவியல்? காக்கிச் சட்டைக்கு முன்னால் ஓர் ஆதிவாசிச் சிறுமி ஏன் உறைந்து நிற்பாள் என்று சொல்ல அந்த வழக்கில் எந்த நிபுணரையும் யாரும் தேடவில்லை.

இரு விரல் சோதனை பெண்ணின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013 இல் லில்லு வழக்கில் சொன்னது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2022 இல் மீண்டும், இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, இதைச் செய்பவர் முறைகேடு செய்தவராகக் கருதப்படுவார் என்று சொல்ல வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக 'நிபுணர் கருத்து' என்று நின்ற ஒன்று, யாரோ 'இதற்கு என்ன காரணம்' என்று விடாமல் கேட்டதால் விழுந்தது. கேட்டவர்கள் பெண்ணிய இயக்கத்தினர். அவர்களில் பலர் நீதிமன்றத்தின் கண்ணுக்கு நிபுணர்கள் அல்லர்.

உச்ச நீதிமன்றமே நம் கைக்குச் சில கருவிகளைக் கொடுத்திருக்கிறது. 1982 இல் மயூர் பனாபாய் ஷா வழக்கில், மருத்துவரின் சாட்சியத்தையும் மற்ற எந்தச் சாட்சியைப் போலவே எடைபோட வேண்டும், மருத்துவர் எப்போதும் உண்மையே சொல்வார் என்று கொள்ள முடியாது என்றது. 1983 இல் சோலங்கி வழக்கில், கண்ணால் கண்ட சாட்சிக்குத் துணை நிற்பதுதான் பொதுவாக மருத்துவச் சாட்சியத்தின் மதிப்பு, கண்டவர் சொன்னபடி நடந்திருக்கவே முடியாது என்று மருத்துவம் அறுதியாகக் காட்டினால் மட்டுமே அது மேலே நிற்கும் என்றது. சேரியிலிருந்து வந்த ஒரு தாயின் நேரடிச் சாட்சியத்தை 'மருத்துவ அறிக்கையோடு ஒத்துப் போகவில்லை' என்று எதிர்த்தரப்பு தள்ளப் பார்க்கும்போது, நம் வழக்கறிஞர் கையில் இந்த இரண்டு தீர்ப்புகளும் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, எனக்குப் பிடித்த ஆப்பிள் வழக்கு. இமாச்சலப் பிரதேச அரசு எதிர் ஜெய்லால், 1999. தோட்டங்களில் எவ்வளவு ஆப்பிள் விளைந்திருக்கும் என்று ஒரு தோட்டக்கலை அதிகாரி மதிப்பிட்டு அறிக்கை கொடுத்திருந்தார். அவரை நிபுணராக ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. பதவி ஒருவரை நிபுணர் ஆக்காது. அந்தத் துறையைத் தனியாகப் படித்திருக்க வேண்டும், அல்லது அதில் தனி அனுபவம் பெற்றிருக்க வேண்டும். எந்தத் தரவுகளிலிருந்து, எந்த முறையில் முடிவுக்கு வந்தார் என்றும் காட்ட வேண்டும்.

தோழர்களே, 'அல்லது அனுபவம்' என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி ஒருவர் இறந்து போகிறார். குடித்திருந்தார், மாரடைப்பு வந்தது என்று வேலைக்கு அமர்த்தியவர் சொல்கிறார். 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் இத்தகைய மரணங்களுக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. ஆகவே மரணத்துக்குக் காரணம் என்ன என்பதை மூடி மறைக்க எதிர்த்தரப்புக்கு முன்பைவிட வலுவான காரணம் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் என்ன ஆகும், சேற்றைக் கிளறினால் வாயு எப்படி மேலே வரும், உள்ளே இறங்கியவர் எத்தனை நொடியில் சாய்வார் என்பதை இருபது ஆண்டுகள் அந்த வேலை செய்தவரைவிட அறிந்தவர் யார்? அவரை வெறும் நேரில் கண்ட சாட்சியாக மட்டும் ஏன் நிறுத்துகிறோம்? தனி அனுபவம் பெற்றவர் என்ற தகுதியில், நிபுணராக முன்னிறுத்த ஏன் யாரும் முயல்வதில்லை? நீதிமன்றம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். முயன்று பார்த்தால்தானே தெரியும்?

நிபுணர் எதைச் சொல்ல முடியாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கோகுல்ராஜ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் இருந்து அழைத்துச் செல்லப்பட்டவர் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். அவர் எழுதியதாக ஒரு தற்கொலைக் கடிதமும் இருந்தது. கையெழுத்து நிபுணரால் ஒரு கடிதம் யாருடைய எழுத்து என்று சொல்ல முடியும். எழுதும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. மிரட்டி எழுத வைத்தார்கள் என்பது அரசுத் தரப்பு. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும், கண்காணிப்புக் கேமரா பதிவுகளையும் சூழ்நிலைச் சாட்சியங்களையும் ஒவ்வொன்றாகக் கோத்து, 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன்பு நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். காகிதத்தில் இருப்பதை இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த மனம் எல்லா வழக்குகளுக்கும் கிடைக்க வேண்டும்.

இனி மையமான கேள்விக்கு வருகிறேன். உடலைப் பற்றிச் சொல்ல மருத்துவர் இருக்கிறார். எழுத்தைப் பற்றிச் சொல்லக் கையெழுத்து நிபுணர் இருக்கிறார். சாதியைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்?

2006 செப்டம்பர் 29, கயர்லாஞ்சி. போட்மாங்கே குடும்பத்தின் நான்கு பேரை ஊர் திரண்டு கொன்றது. அவர்கள் செய்தது என்ன? தங்கள் உறவினரை அடித்தவர்களுக்கு எதிராக அந்தக் குடும்பத்துப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். சாட்சி சொன்னதற்காகவே கொல்லப்பட்ட குடும்பம் அது. 2008 இல் விசாரணை நீதிமன்றம் எட்டுப் பேரைத் தண்டித்தது, ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. 2010 இல் உயர் நீதிமன்றமும் அப்படியே. பழிவாங்கும் நோக்கம்தான், சாதி நோக்கம் நிரூபணமாகவில்லை என்பது அதன் சாரம்.

அந்தக் காலத்தில் சட்டத்தின் வாசகம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்ற காரணத்துக்காகக் குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று கேட்டது. கொலைகாரன் வெட்டும்போது காரணத்தை அறிவித்துவிட்டா வெட்டுவான்? ஒரு தலித் பெண் ஆதிக்கச் சாதியினருக்கு எதிராகச் சாட்சி சொன்னால் ஊர் அதை ஏன் தாங்கிக்கொள்ளாது, அந்தப் 'பழி' எங்கிருந்து வருகிறது என்பதை எடுத்துச் சொன்னால் பழிவாங்கலும் சாதியும் இரண்டு தனித்தனி நோக்கங்கள் அல்ல என்பது விளங்கியிருக்கும். அதை பாதிக்கப்பட்டவர் சொன்னால், 'அது உங்கள் கருத்து' என்பார்கள். ஆய்வாளர் சொன்னால், 'சமூகவியல் அறிவியலா' என்பார்கள்.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் நிலைமையை ஓரளவு மாற்றியது. கடுமையான குற்றங்களில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்று தெரிந்தே செய்திருந்தால் போதும். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவருக்கு நேரடியாகத் தெரியும் என்றால், சாதி தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 8 ஆவது பிரிவில் சேர்த்தார்கள். இயக்கங்கள் போராடிப் பெற்ற திருத்தம் அது. ஆனால் அதற்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய வாசகம்தான். 2021 இல் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற தலித் பெண்ணை வன்கொடுமை செய்தவரின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சாதி, பாலினம், மாற்றுத்திறன் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எப்படி ஒடுக்குகின்றன என்று ஆய்வாளர்களை மேற்கோள் காட்டித் தீர்ப்பில் விரிவாக எழுதியது. கடைசியில், சாதியின் காரணமாக நடந்தது என்பதற்குத் தனிச் சாட்சியம் இல்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதும்போது நீதிபதிகள் படித்த அந்த ஆய்வுகளை, விசாரணையின்போது ஒரு நிபுணர் கூண்டில் ஏறிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

புதிய சட்டத்தின் 39 ஆவது பிரிவில் மூன்று சொற்கள் புதிதாக வந்திருக்கின்றன. அறிவியல், கலை, 'அல்லது வேறு துறை'. புதிய குற்றவியல் சட்டங்களை நாம் எதிர்க்க நிறையக் காரணங்கள் உண்டு. ஆனால் இந்த மூன்று சொற்களை நாம் விட்டுவிடக் கூடாது. சமூகவியல், மானுடவியல், சாதி பற்றிய ஆய்வு இவையெல்லாம் அறிவியலா என்று இனி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வேறு துறை என்றால் போதும் என்று வாதிடலாம்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. நிபுணர் தன் கருத்தை நேரில் வந்துதான் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் பொதுவாக விற்பனையில் கிடைக்கும் ஆய்வு நூலில் ஒரு நிபுணர் கருத்துச் சொல்லியிருந்து, அவர் இறந்துவிட்டால், அந்த நூலையே சாட்சியமாகத் தாக்கல் செய்யலாம். பழைய 60, இப்போதைய 55 ஆவது பிரிவு. இறந்துவிட்ட நிபுணர், கடைகளில் கிடைக்கும் நூல். சாதியைப் பற்றி அப்படி ஒருவர் நமக்கு இருக்கிறார் அல்லவா? 1916 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையைப் படித்தவர், அகமணம்தான் சாதியின் அடிப்படை என்று காரணத்தோடு நிறுவியவர். ஆணவக் கொலை வழக்கு ஒன்றில், பெண்ணின் திருமணத்தை ஏன் சாதி இவ்வளவு கண்காணிக்கிறது என்பதற்கு அம்பேத்கரின் நூலை ஓர் ஆவணமாக வைப்பது, நான் படித்த வரையில், சட்டம் அனுமதிக்கும் செயல். சுவரில் படமாக மாட்டியிருப்பவரைச் சாட்சியாக அழைக்கலாம், தோழர்களே.

இதை எச்சரிக்கையோடுதான் சொல்கிறேன். நானும் ஓர் ஆய்வு மாணவன். ஆய்வாளர்களை நீதிமன்றத்துக்கு அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 1772 முதல் 1864 வரை காலனிய நீதிமன்றங்களில் இந்துச் சட்டத்தை எடுத்துச் சொல்லப் பண்டிதர்களை நியமித்திருந்தார்கள். சாதியைப் பற்றிய அன்றைய நிபுணர்கள் அவர்கள். விளைவு நமக்குத் தெரியும்.

இன்றைக்கும் பழங்குடிச் சான்றிதழ் விசாரணைகளைப் பாருங்கள். 1994 இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி, விண்ணப்பிப்பவரின் சமூகத்துக்கே உரிய தெய்வம், சடங்கு, திருமண முறை, இறப்புச் சடங்கு ஆகியவை அவரிடம் இருக்கின்றனவா என்று விசாரிப்பார்கள். மானுடவியலின் பெயரில் நடக்கும் தேர்வு இது. நகரத்தில் பிறந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளை, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு யாரோ எழுதிய புத்தகத்தில் இருப்பதுபோல வாழ்ந்து காட்ட வேண்டும். வாழாவிட்டால் பழங்குடி இல்லை. இந்த ஒப்புமைச் சோதனை இறுதி உரைகல் அல்ல என்று 2011 இலும், மறுபடி 2023 இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொன்ன பிறகும் சான்றிதழுக்காக அலையும் குடும்பங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அங்கே மானுடவியல் நிபுணர் பழங்குடிக்கு எதிராக நிற்கிறார்.

ஆகவே, அவர்களுடைய நிபுணருக்குப் பதிலாக நம்முடைய நிபுணர் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. யார் கருத்துச் சொன்னாலும், 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்' என்று கேட்கும் பழக்கம் வேண்டும். அந்தக் கேள்வி மருத்துவருக்கும் உண்டு, ஊர்ப் பெரியவருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் சட்ட மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் களத்தோழர்களும் செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதல் வேலை, சந்தேக மரணம் நடந்த அன்றே தொடங்குகிறது. காவல்துறை பிரேத விசாரணை நடத்தும்போது அக்கம்பக்கத்தில் வசிக்கும் 'மதிப்புக்குரிய' இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உடன் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நம் ஊரில் மதிப்புக்குரியவர் என்று காவல்துறை யாரை அழைக்கும்? பஞ்சாயத்தார் என்று கையெழுத்துப் போடுகிறவர்களில் இறந்தவரின் தெருக்காரர்கள் இருக்கிறார்களா என்று அங்கேயே கேளுங்கள். நம்மவர் அங்கே நின்றால், உடலில் கண்டதை விடாமல் எழுதச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார்.

இரண்டாவது, உடற்கூராய்வு. காணொளிப் பதிவு வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் மறு ஆய்வு கோரி உடனே நீதிமன்றம் போங்கள். உடல் எரிந்த பிறகு எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது, தடயவியல் அறிக்கைகள். அரசுத் தடயவியல் ஆய்வக அதிகாரிகள், ரசாயனப் பரிசோதகர்கள் போன்றோரின் அறிக்கையை, அவர்களை நேரில் விசாரிக்காமலேயே சாட்சியமாகப் படிக்கலாம். பழைய 293, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329 ஆவது பிரிவு. ஆனால் நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைத்து விசாரிக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அறிக்கை நமக்கு எதிராக இருந்து, காரணம் சொல்லாமல் முடிவு மட்டும் சொல்லியிருந்தால், அவரை அழைக்கச் சொல்லி மனுப் போட வேண்டும்.

நான்காவது வேலை என்னைப் போன்றவர்களுக்கு. சாதியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடுகள் எழுதுகிறோம், கருத்தரங்குகளில் படிக்கிறோம். குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் நிற்கும்படி அவற்றில் எத்தனை இருக்கின்றன? எந்த ஊரில், எத்தனை பேரிடம், எப்படிக் கேட்டோம் என்று தெளிவாகச் சொல்ல முடியுமா? அப்படிச் சொல்லும் தயாரிப்போடு, வழக்கு நடத்தும் தோழர்களிடம் போய், 'நான் வருகிறேன், என்னைச் சாட்சியாகப் போடுங்கள்' என்று சொல்லும் ஆய்வாளர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். அவர்களோடு சேர்ந்து, தொட்டியில் இறங்கியவர்களும், பறையடிக்க மறுத்ததற்காக அடிபட்டவர்களும், தேநீர்க்கடையில் தனிக் குவளை வாங்கியவர்களும், தாங்கள் அறிந்ததைத் தேதியோடும் இடத்தோடும் எழுதி வைக்க நாம் உதவ வேண்டும். தேதியும் இடமும் இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரால் அதை 'உங்கள் கருத்து' என்று ஒதுக்கித் தள்ள முடியாது.